சகலையின் முப்பது நிமிடம்

அணியில் எல்லோரும் அவரை டவர்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஹாக்கி மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக ஓர் இரும்பு டவர் நிற்கிறது. இருபத்தேழு படி ஏறினால் நாலடிக்கு நாலடி மேடை, மேலே தகரக் கூரை, உட்கார ஒரு முக்காலி. அங்கே நின்றுதான் அவர் பத்தொன்பது வருஷமாக ஒவ்வோர் ஆட்டத்தையும் கேமராவில் பிடிக்கிறார். பிடித்ததை மறுநாள் துண்டு துண்டாக வெட்டி, யார் எங்கே தப்பு செய்தார்கள் என்று ஆட்டக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவது அவர் வேலை. தப்பு செய்தவன் திரையில் தன்னைப் பார்த்து நெளிவான். அந்த நெளிவைப் பார்ப்பதில் டவர்காரருக்கு ஓர் ஆனந்தம் உண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை.

அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தான். இதே அணிக்காக அறுபத்திரண்டு ஆட்டம், இடது பக்கத் தடுப்பாளர். முழங்கால் போன பிறகு நிர்வாகம் அவரைத் தெருவில் விடாமல் கையில் கேமராவைக் கொடுத்தது. அன்றிலிருந்து ஏழு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். எவன் எந்த வாரம் சறுக்குவான் என்று டவர்காரர் முதல் நாளே சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னபடி நடக்கும். ஆனால் சொல்வதெல்லாம் மனைவியிடம்தான். மைதானத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை. மனைவிக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் வேலை. நாள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிற பொறுமை இருந்ததால் கணவரின் ஜோசியத்தையும் கேட்டுக்கொண்டார்.

இந்த வருஷம் அணி முதல் ஆறு ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வியது. ஏழாவது பயிற்சியாளருக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருந்த பெயர் இடி. அவர் கத்துகிற கத்தலில் எதிரணிக் கோல்கீப்பர் பதறுவதற்குப் பதில் நம் கோல்கீப்பர் பதறினான். ஆறாவது தோல்விக்கு மறுநாள் இடியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த இரண்டு ஆட்டத்துக்கு மட்டும் டவர்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றில் தோல்வி, ஒன்று சமன். அந்த வருஷத்தில் அணி வாங்கிய முதல் புள்ளி அதுதான். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் எல்லாம் தன் நடையைப் பார்த்துக்கொண்டே போனார்.

பதவி காலி என்று நிர்வாகம் அறிவிப்புப் போட்டது. டவர்காரர் விண்ணப்பிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் உழைத்தவன் கையேந்தி நிற்பதா? அவர்களாகவே கூப்பிட்டுக் கொடுப்பார்கள், கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டார். மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீங்க அழவும் மாட்டீங்க, பசியும் தாங்க மாட்டீங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தியாளும் அவள் புருஷனும் சாப்பிட வந்திருந்தார்கள். இந்தச் சகலை ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்து இரண்டு கோப்பை வாங்கியவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பெரிய அணி எதற்கும் ஒரு நாள்கூட ஆடியதில்லை. டவர்காரர் சாப்பிட்டபடியே பதவிச் செய்தியை எடுத்துவிட்டார். அறிவிப்பெல்லாம் வெறும் கண்துடைப்பு, ஆளை ஏற்கெனவே முடிவு பண்ணியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அந்த ஆள் யார் என்பது எல்லோருக்கும் புரியும்படி தண்ணீர் குடித்தார். சகலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கை கழுவும்போது மட்டும், விண்ணப்பத்தை யாருக்கு அனுப்புவது என்று சாதாரணமாகக் கேட்டார். தன் பள்ளிக்கூடத்தில் யாருக்கோ கேட்கிறார் என்று நினைத்து டவர்காரர் முகவரியை எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துக் கட்டிக்கொண்ட கதைதான். மூன்றாவது வாரம் சகலை எட்டாவது தலைமைப் பயிற்சியாளராக உள்ளே வந்தார்.

அன்றிலிருந்து டவர்காரருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே இறங்கியது. ஆனால் இறங்கிய சோறு வயிற்றில் எரிந்தது. சகலைக்குக் கண்ணாடிக் கதவு வைத்த அறை. இவருக்குப் பார்வையாளர் வரிசைக்கு அடியில், பம்ப் அறைக்குப் பக்கத்துப் பொந்து. ஆட்டத்துக்கு முன்னால் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும்போது சுவர் நடுங்கி மேஜை மேலிருக்கும் பேனா உருளும். சகலைக்கு வண்டி நிறுத்த வெள்ளைக் கோடு போட்ட இடம். இவர் சைக்கிளை டவரின் காலில் சங்கிலி போட்டுக் கட்டுகிறார். போகட்டும், இதையெல்லாம் பொறுக்கலாம். நாற்பத்து நான்கு வயதில் சகலைக்குத் தலை நிறைய முடி இருந்தது, இரண்டு முழங்காலும் ஒழுங்காக மடங்கின. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மாமியார் சின்ன மகள் வீட்டில் இருப்பவர். வாரம் ஒரு முறை போன் செய்வார். முன்பெல்லாம் பெரிய மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஆரம்பிப்பார். இப்போது சின்ன மாப்பிள்ளை டிவியில் வந்தது, சின்ன மாப்பிள்ளையைக் கடைக்காரர் அடையாளம் கண்டுபிடித்தது என்று ஆரம்பித்து, போனை வைக்கும் நேரத்தில் முழங்காலுக்கு வருவார். சில வாரம் அதற்கும் வருவதில்லை.

ஆட்டக்காரர்கள் புதுக் கோச்சுக்குப் பென்சில் என்று பெயர் வைத்தார்கள். எதிரில் சார் என்றார்கள். சகலை மட்டும் டவர்காரரை எல்லோர் முன்னாலும் "அண்ணா" என்று கூப்பிட்டார். அந்த அண்ணாவில் மரியாதை இருந்ததா, கிண்டல் இருந்ததா என்று டவர்காரர் தினமும் அலசினார். மரியாதைதான் என்று தெரிந்தபோது இன்னும் கோபம் வந்தது.

டவரில் இரண்டு கேமரா உண்டு. ஒன்று ஆட்டத்தைப் பின்தொடர்வது, அது அவர் கையில் இருக்கும். மற்றொன்று கம்பியில் பொருத்தி வைத்தது. வடக்குக் கோல் பக்கம் பார்த்தபடி தானாக ஓடும். பெனால்டி கார்னர் அடிக்கிறவன் தன் அடியைப் பார்த்துத் திருத்திக்கொள்வதற்காக வாங்கியது. சகலையின் முதல் ஆட்டத்தன்று டவர்காரர் அந்த இரண்டாவது கேமராவைத் திருகி, எதிரே இருந்த பெஞ்சைப் பார்க்கும்படி வைத்தார். கோச் என்று உட்கார்ந்திருக்கிறவரின் முழு லட்சணமும் பதிவாகட்டும் என்பது அவர் எண்ணம். கார்னர் அடிக்கிற பையன் தன் வீடியோ எங்கே என்று கேட்டதற்கு, கேமரா ரிப்பேர் என்று கூசாமல் சொன்னார்.

இந்த நிர்வாகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசன் பாதியில் பத்து நாள் இடைவேளை வரும். அப்போது பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். நிர்வாகிகள் மூவருக்கும் அறிக்கை படிக்கப் பிடிக்காது, ஹாக்கியும் அரைகுறை. அதனால் டவர்காரர் முப்பது நிமிஷத்தில் ஒரு படம் வெட்டிக் கொடுப்பார். கோப்பைகள் அடுக்கிய மாடி அறையில் சத்தம் இல்லாமல் அதைப் போடுவார்கள். பயிற்சியாளர் முன்வரிசை நாற்காலியில் உட்கார வேண்டும். படம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. நிர்வாகிகளில் ஒருவர் பல் டாக்டர் என்பதால் ஆட்டக்காரர்கள் அதைப் பல் பிடுங்கும் நாற்காலி என்பார்கள். போன வருஷம் இடி அதில் உட்கார்ந்து தப்பினார். அதற்கு முன் இருந்தவர் தப்பவில்லை.

இந்த முறை இடைவேளை வந்தபோது சகலையின் கணக்கில் எட்டு ஆட்டம். முதல் மூன்றும் தோல்வி. அப்புறம் ஒரு சமன், ஒரு வெற்றி, ஒரு தோல்வி, மறுபடி ஒரு சமன், ஒரு வெற்றி. நல்லது என்றும் சொல்லலாம், போதாது என்றும் சொல்லலாம். பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். நிர்வாகத் தலைவர் ஓடு கம்பெனி முதலாளி. அவர் ஒரு நாள் பம்ப் அறைப் பக்கம் வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒருவேளை வேண்டாம் என்று முடிவானால் மீதி சீசனை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொல்லிப் போனார். அவ்வளவுதான் சொன்னார். டவர்காரர் அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை மென்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பொந்துக்குள் போய்க் கதவைத் தாழிட்டார்.

இங்கே அவர் தொழிலில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். படம் ஓடும்போது முக்கியமான இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், அங்கே ஒரு துண்டு வெட்டப்படும். ஆனால் கோல் விழுந்த பிறகுதான் கை பொத்தானுக்குப் போகும். அதனால் அழுத்திய இடத்துக்கு எட்டு நொடி முன்னாலிருந்தே துண்டு தொடங்கும்படி கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள். அந்த எட்டு நொடியில்தான் விஷயம் இருக்கும். பந்து யார் மட்டையிலிருந்து போனது, யார் இடத்தை விட்டு நகர்ந்தான், பெஞ்சிலிருந்து என்ன சைகை வந்தது, எல்லாம் அதற்குள். எட்டு நொடி இல்லாத துண்டில் விளைவு மட்டும்தான் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் டவர்காரர் அந்த எட்டைத் தொட்டதில்லை. அன்று அதைச் சைபர் ஆக்கினார்.

இரண்டாவது கேமரா பிடித்ததை எல்லாம் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தார். வாங்கிய கோல் ஒவ்வொன்றுக்கும் பிறகு சகலையின் முகம். தலையில் கை வைத்தது. பென்சிலைக் கடித்தது. மாற்று ஆட்டக்காரன் எழுந்து நிற்க, அவனைப் பார்க்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கத் தெரியாமல் திருகியது. ஒரு துண்டும் பொய் இல்லை. எல்லாம் நடந்ததுதான். ஆனால் எட்டு நொடி இல்லாமல் கோத்துப் பார்த்தால், ஆட்டம் எங்கேயோ நடக்க, வழி தவறி வந்த ஓர் ஆள் பெஞ்சில் உட்கார்ந்து முழிப்பதுபோல் இருந்தது. டவர்காரருக்குத் தன் கைவண்ணத்தின் மேலேயே ஒரு மதிப்பு வந்தது.

ஆனால் ஒரு சங்கடம். துண்டின் தொடக்கம் எது என்று கண்டுபிடிக்க அந்த எட்டு நொடியையும் அவர் பார்த்துத்தானே ஆக வேண்டும்? பார்த்தார். மூன்றாவது ஆட்டத்தில் இரண்டாவது கோல் விழுவதற்கு முன்னால் சகலை எழுந்து, இடது தடுப்பாளனைப் பார்த்து, உள்ளே வா என்று கையை அசைக்கிறார். அவன் வரவில்லை. அவன் வராத இடத்து வழியாகவே பந்து போகிறது. ஐந்தாவது ஆட்டத்தில் அதே கை அசைவு. இந்த முறை அவன் வருகிறான், பந்து அவன் மட்டையில் முட்டி நிற்கிறது. இடது பக்கத் தடுப்பில் அறுபத்திரண்டு ஆட்டம் ஆடியவருக்கு அந்தக் கை என்ன சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளும் பெரிய ஆட்டம் ஆடாத ஆளுக்கு இது எப்படித் தெரிந்தது? டவர்காரருக்கு நெஞ்சு காந்தியது. சகலை முட்டாளாக இருந்திருந்தால் அவரை மன்னித்திருக்கலாம்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி வேலைக்குக் கிளம்பும்முன் போட்டுக் காட்டினார். மூன்று நிமிஷம் பார்த்தவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "என் தங்கச்சி வீட்டுக்காரர் இவ்வளவு லட்சணமா இருப்பார்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார். இவளுக்கு ஹாக்கி தெரியாது என்று டவர்காரர் சமாதானம் செய்துகொண்டார்.

கூட்டம் காலை பதினோரு மணிக்கு. ஓடு கம்பெனி முதலாளி நடுவில், பல் டாக்டரம்மா வலப்புறம், மூன்றாமவரான வக்கீல் இடப்புறம். வக்கீல் விளக்கை அணைத்த இரண்டாவது நிமிஷத்தில் தூங்கிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சகலை பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். புதுச் சட்டை. காதில் பென்சில் இல்லை; அதனால் காது ஏதோ அம்மணமாகத் தெரிந்தது. டவர்காரர் பின்னால் கம்ப்யூட்டர் பக்கம் நின்றார்.

படம் ஓடியது. முப்பது நிமிஷமும் சகலை, சகலை, சகலை. பத்தாவது நிமிஷத்தில்தான் டவர்காரருக்குத் தன் தப்பு தெரிந்தது. திரையில் ஒரே முகத்தை இவ்வளவு நேரம் காட்டினால் என்ன ஆகும் என்று படம் வெட்டுகிற மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. கோல் விழுந்து தலையில் கை வைத்தபோது முதலாளி தானும் 'ச்சு' கொட்டினார். பாட்டில் மூடி திறக்காதபோது டாக்டரம்மா சிரித்தார். எட்டாவது ஆட்டத்து வெற்றியில் சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கோழைத்தனம் என்று நினைத்து இவர் சேர்த்திருந்தார். முதலாளி அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். வக்கீல் தூங்கவே இல்லை. வில்லனாகக் காட்ட நினைத்த ஆளைக் கதாநாயகனாக்கி, அதைத் தன் கையாலேயே ஓட்டிக்கொண்டு நின்றார் டவர்காரர்.

விளக்கைப் போட்டதும் டாக்டரம்மா திரும்பினார். முதல் ஆட்டத்தில் இந்த மனிதர் இடியைப்போலக் கத்துகிறார், இரண்டாவதிலிருந்து வாயே திறக்கவில்லை, ஒரு வாரத்தில் இப்படி மாறுகிற ஆளை நான் பார்த்ததில்லை என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "எல்லாமே கோல் விழுந்ததுக்கு அப்புறம்தான் காட்றீங்க. பல்லு விழுந்த பிறகு எக்ஸ்ரே எடுத்து என்ன பிரயோஜனம்? விழறதுக்கு முன்னாடி இவர் என்ன பண்ணினார்?" என்று கேட்டார்.

டவர்காரர் நினைத்திருந்தால், முன்னால் உள்ளது பதிவாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் கை தானாக அசல் பதிவைத் திறந்தது. மூன்றாவது ஆட்டம், இரண்டாவது கோல், எட்டு நொடி முன்னால். சகலை எழுந்து கையை அசைத்தார். தடுப்பாளன் வரவில்லை. பந்து போனது. பிறகு ஐந்தாவது ஆட்டத்தையும் போட்டார். அவன் வந்தான், பந்து நின்றது.

"நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "பத்தொன்பது வருஷமா எல்லாரையும் மேலேருந்து பார்க்கிறீங்க. இவரை வெச்சுக்கலாமா, வேண்டாமா?"

பத்தொன்பது வருஷமாக அவர் காத்திருந்த கேள்வி அது. யாராவது ஒருவர் தன்னைக் கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் டவரில் தனியாக நின்று ஏங்கியிருக்கிறார்! கேட்டார்கள், ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றிக் கேட்டார்கள். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பெஞ்சு அவருக்கு. முதலாளி கண்ணால் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் தன் கண்ணைத் தானே குருடு என்று சொன்னதாகும். பதவி இல்லை, முழங்கால் இல்லை, முடி இல்லை. மிச்சம் இருப்பது அந்தக் கண் ஒன்றுதான். அதையும் சகலைக்காகத் தோண்டிக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

"நாலு தோல்வியில ரெண்டு, ஆட்டக்காரங்க சொன்னதைக் கேட்காததால வந்தது. ஒண்ணு நடுவர் தப்பு. ஆறாவது ஆட்டம் மட்டும் இவர் தப்பு, ஆளை மாத்தறதுல நாலு நிமிஷம் லேட்டாயிட்டார். மத்தபடி, இதுக்கு முன்னாடி வந்த ஏழு பேர்ல இவர் அளவுக்கு ஆட்டம் தெரிஞ்சவர் யாரும் இல்லை. வெச்சுக்கோங்க" என்றார். கூடவே, கோல் பக்கக் கேமராவைப் பெஞ்சுக்குத் திருப்பியதும், படத்தில் எட்டு நொடியை எடுத்ததும் தான்தான் என்பதையும் சொல்லிவிட்டார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

முதலாளி காகிதத்தைப் புரட்டினார். டாக்டரம்மா, இனிமேல் அந்தக் கேமரா கோல் பக்கமே இருக்கட்டும், அதற்குத்தானே வாங்கியது என்று மட்டும் சொன்னார். சகலையைச் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்வதாகப் பத்து நிமிஷத்தில் முடிவானது.

மாடிப்படியில் சகலை காத்திருந்தார். டவர்காரர் வசவுக்குத் தயாராகி இறங்கினார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை, கணக்கு நேராகிவிடும் என்றுகூட இருந்தது. சகலை திட்டவில்லை. படியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"முதல் மேட்ச்ல நான் கத்தினது எனக்கே பிடிக்கலைண்ணா. என்னால அடக்க முடியாது. ஸ்கூல்லயும் அப்படித்தான். ரெண்டாவது மேட்ச்ல மேல பார்த்தேன், கேமரா என்னையே பார்த்துட்டிருந்தது. நிர்வாகம்தான் வைக்கச் சொல்லியிருக்குன்னு நினைச்சேன். பயத்துல வாயை மூடிக்கிட்டேன். நான் கத்தறதை விட்டதும் பசங்க என் கையைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. இந்த டாக்டரம்மா புகழ்ந்தாங்களே, அதெல்லாம் அந்தக் கேமரா செஞ்ச வேலை. இப்ப அதைத் திருப்பச் சொல்லிட்டாங்க. எனக்கு உள்ளுக்குள்ள உதறுது."

டவர்காரர் சைக்கிளை எடுக்கப் போனார். பாதி வழியில்தான் முழுதும் உறைத்தது. சகலையைக் கவிழ்க்கத் தோண்டிய குழியில் சகலை கிணறு வெட்டித் தண்ணீர் குடித்திருக்கிறார். வாங்கிய புள்ளிகளில் தன் வயிற்றெரிச்சலுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்படியானால் இனி தன் கடமையை ஒழுங்காகச் செய்தாலே போதும், கேமராவைக் கோல் பக்கம் திருப்பினாலே சகலை தன் வாயால் கெட்டுவிடுவார். யாரும் இவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்று மத்தியானம் அவர் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

இடைவேளை முடிந்த சனிக்கிழமை ஆட்டம். நிர்வாகிகள் மூவரும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டவர்காரர் உத்தரவுப்படி இரண்டாவது கேமராவைக் கோல் பக்கம் திருப்பித் திருகை இறுக்கினார். கீழே சகலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். முதல் பாதியில் நம் அணி ஒரு கோல் போட்டது. மூன்றாவது கால்பகுதியில் இடது தடுப்பாளன் பந்தைக் காலில் வாங்கித் தடுமாறினான். எதிரணி அதைப் பிடுங்கி உள்ளே தள்ளியது. ஒன்றுக்கு ஒன்று.

சகலை எழுந்தார். இரண்டு எட்டில் கோட்டுக்கு வந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது டவரிலிருந்தே தெரிந்தது. வாய் திறந்தது. அந்தப் பையன் அடி வாங்கப் போகிறவன்போல் தோளைக் குறுக்கிக்கொண்டான். டவர்காரருக்கு அந்தத் தோள் தெரியும். இடியின் காலத்தில் அணி முழுக்க அந்தத் தோளோடுதான் ஆடியது. அந்த நொடியில் சகலை, பழக்கத்தில், டவரைப் பார்த்தார்.

ஆட்டம் நடக்கும்போது டவர்காரர் கேமராப் பிடியிலிருந்து கை எடுத்ததே கிடையாது. தும்மல் வந்தாலும் பிடியை விடாமல் தும்முகிறவர். அன்று கை எடுத்தார். மேடையின் விளிம்புக்கு வந்து, எல்லோருக்கும் தெரியும்படி கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்த்து அழுத்தினார். உட்கார் என்றார். சகலை வாயை மூடினார். போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, அந்தப் பையனைப் பார்த்து, கையால் மட்டும், உள்ளே வா என்றார்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் போன் செய்து பத்திரிகையைப் படித்துக் காட்டினார். நெருக்கடியிலும் நிதானம் இழக்காத பயிற்சியாளர் என்று போட்டோவோடு போட்டிருந்தார்களாம். டவர்காரருக்குக் காதிலிருந்து வயிறு வரை எரிந்தது. நிதானத்தைக் கொடுத்தவன் யார் என்று கேட்க நாக்கு துடித்தது. நல்லா எழுதியிருக்காங்க அத்தை என்று சொல்லிவிட்டுப் பம்ப் அறைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்குச் சகலை அங்கே வந்தார், முந்தின நாள் ஆட்டத்தின் பதிவைப் பார்க்க. கண்ணாடிக் கதவு அறையில் திரை இருந்தும் அந்தப் பொந்தில் இருந்த ஒற்றை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றே பார்த்தார். மூன்றாவது கால்பகுதி வந்தது. கோல் விழுந்தது. அதன் பிறகு படம் மெல்லச் சாய்ந்து, ஆட்டத்தை விட்டுவிட்டு, வெறும் காலி நாற்காலி வரிசையைக் காட்டியது. பதினொரு நொடி. இருவரும் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தார்கள்.

"இதை வெட்டிடாதீங்கண்ணா" என்றார் சகலை.

"வெட்ட மாட்டேன்" என்றார் டவர்காரர். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லிடறேன், சகலை. உங்க வேலை மேல எனக்கு இன்னும் ஆசை போகலை. நேத்து அந்தப் பதினொரு செகண்ட்ல ஜாஸ்திதான் ஆயிடுச்சு. அடுத்த தடவை அந்த நாற்காலி காலியானா நானே விண்ணப்பம் போடுவேன்."

சகலை காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குறிப்பேட்டைத் திறந்தார். ஆறாவது ஆட்டத்தில் நாலு நிமிஷம் லேட் என்றீர்களே, அது எந்த நிமிஷத்திலிருந்து என்று கேட்டார். டவர்காரர் அந்தப் பதிவைத் தேடி எடுத்து, எட்டு நொடி முன்னாலிருந்து போட்டார்.